வெள்ளிக்கிழமை நான்கு மணிச் செய்தி: தொலைக்காட்சி இதழியல் படிப்பு ஒன்றின் மதிப்புரை

சேர்க்கை நடைபெறும் நாட்களில் எங்கள் கல்லூரிக்கு வரும் பெற்றோரை அலுவலகத்தார் முதலில் ஸ்டுடியோவுக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். பச்சைத் திரை, அரைவட்ட மேசை, மேலே வரிசையாகத் தொங்கும் விளக்குகள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பொத்தான்கள் ஒளிரும் கட்டுப்பாட்டு அறை என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வரும்போதே பெரும்பாலான பெற்றோர் பிள்ளையை இங்கேயே சேர்ப்பதென்று முடிவு செய்திருப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் முடிவு செய்தார். இரண்டு ஆண்டுகள் படித்து முடித்து, இப்போது ஒரு செய்தி அலைவரிசையின் டெஸ்க்கில், அதாவது செய்தியாளர்கள் அனுப்புவதைச் செம்மைப்படுத்தும் பிரிவில், வேலை பார்க்கும் நிலையில், அந்தப் படிப்பில் எனக்கு உண்மையாகவே கைகொடுத்தது எது, கைகொடுக்காமல் போனது எது என்பதை இனிச் சேர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு, இடையில் நிறுத்தாமல் பதிவான 15 நிமிடச் செய்தியறிக்கைதான் அந்தப் படிப்பு. ஸ்டுடியோ அதற்குப் பயன்பட்ட ஓர் அறை, அவ்வளவே.

நான் படித்தது கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியின் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. 2022-இல் சேர்ந்து 2024-இல் முடித்தேன். வகுப்பில் 24 பேர் இருந்தோம். ஆண்டுக் கட்டணம் அப்போது 55,000 ரூபாய். பேருந்துக் கட்டணமும் செய்முறைக் கட்டணமும் தனி. கல்லூரியின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் வெளிப்படையாக எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம். நான் இங்கே வைக்கும் கேள்விகளைக் கொங்கு வட்டாரத்தில் இதழியலோ காட்சித் தொடர்பியலோ நடத்தும் எந்தக் கல்லூரியிடமும் கேட்கலாம் என்பது மற்றொரு காரணம்.

முதல் பருவம் ஏறக்குறைய முழுவதும் ஏட்டுப் படிப்பு. 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய ஒளிபரப்பு, 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம், 1982-இல் வண்ண ஒளிபரப்பு, 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி என்று வரலாற்றுத்தாள் ஒழுங்காகவே செல்கிறது, அதன்பின் நின்றுவிடுகிறது. முழுநேரத் தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் வந்ததும், செய்தியைப் பலர் கைப்பேசியிலேயே பார்க்கத் தொடங்கியதும் பாடத்திட்டத்தில் இல்லை. டேப்பை வைத்துச் செய்யும் லீனியர் எடிட்டிங் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. அந்த இயந்திரத்தை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. முதல் பருவத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் பருவத்தில்தான் செய்தியறிக்கை தொடங்கியது. அதை நடத்திய ஆசிரியர் சென்னையில் பல ஆண்டுகள் புல்லட்டின் புரொடியூசராக இருந்துவிட்டு, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளக் கோபிச்செட்டிபாளையத்துக்கே திரும்பி வந்தவர். திங்கள்கிழமை காலை ஒவ்வொருவரும் இரண்டு செய்தி யோசனைகளோடு வர வேண்டும். “கல்லூரியில் யோகா தினம் கொண்டாடினார்கள்” என்பது போன்ற ஒன்றைச் சொன்னால், “இது தகவல், அம்மிணி. இதனால யாருக்கு என்ன மாறுது, அதைச் சொல்லுங்க” என்பார். செவ்வாயும் புதனும் படப்பிடிப்பு, வியாழன் எடிட்டிங், வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு ஸ்கிரிப்ட் முடிவாகிவிட வேண்டும். 4 மணிக்குப் பதிவு. நேரலை போலவே பாவித்து, யார் தடுமாறினாலும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்பது விதி.

ரன்டவுன், அதாவது எந்தச் செய்தி எந்த வரிசையில் எத்தனை நொடி என்ற பட்டியல், போடும் பாடம் என்னை மாற்றிய பாடம் என்றே சொல்வேன். 15 நிமிடம் என்றால் 900 நொடி. தலைப்புச் செய்திகளுக்கு 40 நொடி, தொடக்க முடிவுப் படங்களுக்கு 20, ஐந்து முழுச் செய்தித் தொகுப்புகள் ஒவ்வொன்றும் 100 நொடி வீதம் 500, அவற்றுக்கு வாசிப்பாளர் சொல்லும் முன்னுரைகள் தலா 15 வீதம் 75, நான்கு சிறு செய்திகளுக்கு 100, சந்தை நிலவரத்துக்கு 60, வானிலைக்கு 45, விளையாட்டுக்கு 60. கூட்டினால் சரியாக 900. ஒரு தொகுப்பு 12 நொடி நீண்டுவிட்டால் அந்த 12 நொடியை எங்கிருந்து எடுப்பது என்று பிசிஆர் எனப்படும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் புரொடியூசர் அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நான் முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த வெள்ளிக்கிழமை, இரண்டாவது தொகுப்பு எடிட்டிங் கணினியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. வானிலையை மேலே கொண்டுவந்து, ஒரு சிறு செய்தியை இடையில் வைத்து, இன்டர்காமில் வாசிப்பாளருக்குச் சொல்லி, எப்படியோ ஓட்டி முடித்தோம். இப்போது வேலையில் அதே நெருக்கடி வாரத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது; அப்போதெல்லாம் என் கை பதறாமல் இருப்பதற்கு அந்த வெள்ளிக்கிழமைதான் காரணம்.

வேலைகள் வாரந்தோறும் சுழன்றன. செய்தியாளர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், வாசிப்பாளர், ஃப்ளோர் மேனேஜர், கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஆன்லைன் ஸ்விட்சர், ஒலி, வாசிக்க வேண்டியதைத் திரையில் ஓடவிடும் பிராம்ப்டர், கிராபிக்ஸ் என ஒவ்வொன்றிலும் எல்லாரும் இருந்தாக வேண்டும். இதை ஆசிரியர் கண்டிப்புடன் செய்ததற்குப் பின்னணி உண்டு. முதல் இரண்டு வாரங்கள் எங்கள் விருப்பத்துக்கு விட்டபோது, பையன்கள் எல்லாம் கேமரா பக்கமும் பெண்கள் எல்லாம் வாசிப்பு மேசைப் பக்கமும் தாமாகவே பிரிந்துவிட்டோம். மூன்றாவது வாரம் அவர் ஒரு சுழற்சி அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டினார். ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரோடு பேருந்து நிலையத்தில் நான் நடந்துபோனதைப் பார்த்த உறவினர் ஒருவர் வீட்டில் வந்து பேசினார் என்பது உண்மைதான். ஆனால் கேமராவைத் தூக்கியிராவிட்டால், ஒரு ஒளிப்பதிவாளரிடம் எனக்கு எந்தக் காட்சி வேண்டும் என்பதை இன்று என்னால் தெளிவாகக் கேட்க முடியாது.

மொழிப் பயிற்சியைப் பற்றி நன்றியுடன் எழுத வேண்டும். ஸ்கிரிப்ட் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் குரலும் எழுதக் கற்றோம். 100 நொடித் தொகுப்பில் பைட்டுக்கு, அதாவது பேட்டி கொடுப்பவரின் பேச்சுத் துண்டுக்கு, 30 நொடியும் களத்தின் இயல்பொலிக்கு 10 நொடியும் போனால், செய்தியாளர் குரலுக்கு எஞ்சுவது ஒரு நிமிடம். நான் நிதானமாக வாசித்தால் அந்த ஒரு நிமிடத்தில் 100 முதல் 110 சொற்கள் அடங்கும். “பின்வருமாறு” என்ற சொல்லை ஆசிரியர் எங்கே கண்டாலும் அடித்துவிடுவார். தாளில் படிப்பவர் கண்ணைக் கீழே இறக்கிப் பின்வருவதைப் பார்த்துக்கொள்வார், காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. 3 கோடியே 47 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய் என்று எழுதினால், அதைத் திரையில் எண்ணாகக் காட்டிவிட்டு, குரலில் “ஏறத்தாழ மூன்றரைக் கோடி” என்று சொல்லச் சொல்வார். உச்சரிப்புக்கு அவர் கொடுத்த வாக்கியம் இந்த மண்ணுக்கே உரியது: “மஞ்சள் விளைச்சல் குறைந்ததால் மஞ்சள் விலை உயர்ந்துள்ளது.” விளைச்சலின் ளகரமும் விலையின் லகரமும் ஒன்றாகிவிட்டால், செய்தி கேட்கும் விவசாயிக்கு என்ன குறைந்தது, என்ன உயர்ந்தது என்பதே குழம்பிவிடும். வகுப்பில் சிலருக்கு இது ஒரு வாரத்தில் வந்தது. எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

சந்தை நிலவரத்துக்கு 60 நொடி ஒதுக்கியதும் அவருடைய முடிவே. ஈரோட்டு மஞ்சள், நாமக்கல் முட்டை, பல்லடம் கறிக்கோழி என இந்த வட்டாரத்தில் விலை தெரியாமல் பொழுது விடியாத வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மஞ்சளில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை என்பதையும், ஏலத்தில் சொல்லும் விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு உரியது என்பதையும் தெரிந்துகொள்ளாமல் எழுதியவர்களை அவர் நேராக ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த மஞ்சளை ஏலத்துக்கு முன் எப்படித் தரம் பார்க்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனி, இந்தப் படிப்பில் நான் செய்த வேலைகளிலேயே மனத்துக்கு நெருக்கமான ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி எதைக் கற்றுத்தர முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று என்னிடம் இல்லை. 2022 செப்டம்பர் 10 முதல் தமிழகத்தில் மின்கட்டணம் உயர்ந்தது. அதன்பின் 2023 மார்ச்சில், விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 1,000 யூனிட்டாக அரசு உயர்த்தியது. இதனால் கூலிக்கு நெய்யும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மாறும் என்பதைப் பார்க்க மூன்று பேராக விசைத்தறி ஊரான சோமனூருக்குப் போனோம். நான் செய்தியாளர். சென்னிமலைக்காரி என்பதால் கைத்தறிச் சத்தம் எனக்குப் பழக்கம். எட்டுத் தறிகள் ஒன்றாக ஓடும் ஒரு தறிக்குடோனுக்குள் நிற்பது முற்றிலும் வேறு அனுபவம். பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது.

உள்ளே இருந்த வெளிச்சம் ஒரு வரிசைக் குழல்விளக்கும், கூரையில் பதித்த இரண்டு கண்ணாடி ஓடுகளும்தான். வெயிலின் நிறம் வேறு, விளக்கின் நிறம் வேறு. வெள்ளைத்தாள் எடுத்து வரவில்லை. உரிமையாளர் கட்டியிருந்த வெள்ளை வேட்டியைக் காட்டி, வெள்ளை வெள்ளையாகவே பதிவாகும்படி கேமராவின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் வைத்தோம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போல அதற்குப் பொருந்துமாறு வைக்காவிட்டால் குழல்விளக்கின் கீழே எடுக்கும் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும் என்று வகுப்பில் படித்ததை அங்கேதான் கண்ணால் கண்டேன். ஒளிப்பதிவு செய்த நண்பர் முதலில் குடோன் முழுவதையும், பிறகு ஒரு தறியையும், பிறகு பாவில் அறுந்த இழையை முடிச்சிடும் விரல்களையும், கடைசியாக இங்கும் அங்கும் பாயும் நாடாவையும் எடுத்தார். ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது பத்து நொடி அசையாமல் பிடிக்க வேண்டும் என்பது விதி. கேமராவை எதன்மீதும் சுழற்றாமல், வெறும் ஒலிக்காக மட்டும் 30 நொடி தனியே பதிவு செய்தோம். எங்கள் தொகுப்பு அந்த ஒலியோடுதான் தொடங்கியது.

பைட் எடுப்பதுதான் பெரிய சிக்கல். ஐந்து நிமிடம் தறியை நிறுத்தச் சொல்லலாமா என்று நண்பர் கேட்டார். நெய்யும் மீட்டருக்குத்தான் அவர்களுக்குக் கூலி. நமக்காகத் தறியை நிறுத்தச் சொல்லக் கூடாது என்று ஆசிரியர் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தோம். வெளியே வேப்பமரத்தடியில், காலர் மைக்கை முதல் சேனலிலும் கேமராவின் கன் மைக்கை இரண்டாம் சேனலிலும் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபடியே பதிவு செய்தோம். தறி உரிமையாளரான அந்த அண்ணன் சொன்னது இதுதான்: “ஆயிரம் யூனிட்டு குடுத்துட்டாங்க, சந்தோசமுங்க. ஆனாக் கூலி ஏறுனாத்தானுங்க பொழப்பு ஓடும், இல்லீங்களா, நீங்களே சொல்லுங்க.”

வியாழக்கிழமை எடிட்டிங்கில் அந்த வாக்கியத்தை நான் இறுக்கமாக வெட்டினேன். நம் தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படச்சட்டங்கள். கடைசிச் சொல்லில் நாலைந்து பிரேம் குறைந்ததில் “சொல்லுங்க” என்பது “சொல்லு” என்று நின்றுவிட்டது. எனக்கு அது உறுத்தவே இல்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் மறுபடி ஓட்டச் சொன்னார். “அந்த மனுசன் உங்க வயசைப் பார்க்காம மரியாதை குடுத்துப் பேசியிருக்காரு. அதை வெட்டிட்டீங்கன்னா, ஊரே அவரை மரியாதை தெரியாதவர்ன்னு நினைக்குமுங்க” என்றார். கொங்குத் தமிழில் பைட் வெட்டுவது குறித்து எந்தப் பாடநூலிலும் இதைப் படிக்க முடியாது. இன்று டெஸ்க்கில் கோவை, திருப்பூர் செய்தியாளர்களிடமிருந்து வரும் பைட்டுகளில் அந்த “ங்க” முழுதாக முடிந்த பிறகே என் கை வெட்டுகிறது.

அதே தொகுப்பில் நான் செய்த வேறு ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். முதல் ஸ்கிரிப்ட்டில் “மாதம் 1,000 யூனிட்” என்று எழுதியிருந்தேன். அறிவிப்பு இரு மாதங்களுக்கு உரியது. என் வாக்கியம் சலுகையை இரட்டிப்பாக்கிவிட்டது. வெள்ளி பிற்பகல் 2 மணிச் சரிபார்ப்பில் அது பிடிபட்டது. அரசாணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணையும் இன்னொருவர் சத்தமாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்ற வழக்கம் அந்த வகுப்பில் இருந்தது. பல வேலையிடங்களில் இதற்கு நேரம் தருவதில்லை. எனவே பழகவேண்டிய இடம் கல்லூரிதான்.

சட்டமும் அறமும் பற்றிய தாள் ஏட்டளவில் நன்றாக இருந்தது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும், 2015-ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கின்றன என்று தேர்வுக்குப் படித்திருந்தோம். அது உண்மையில் என்ன பொருள் தரும் என்பது ஒரு பயிற்சிக் காட்சியில்தான் விளங்கியது. நாங்கள் குழந்தையின் முகத்தை மங்கலாக்கியிருந்தோம். ஆனால் வீட்டின் நீலக் கதவும், தெருமுனை கோயில் கோபுரமும், தந்தையின் மாற்றப்படாத குரலும் அப்படியே இருந்தன. “அந்த ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல என்னங்க தெரியணும்?” என்று ஆசிரியர் கேட்டபோது யாரும் பதில் பேசவில்லை. இரண்டு ஆண்டுகளில் இப்படிப்பட்ட பயிற்சி ஒரே ஒரு முறைதான் நடந்தது என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. பருவத்துக்கு மூன்று முறையாவது வேண்டும்.

2023 பிப்ரவரி 27-இல் ஈரோடு கிழக்குத் தொகுதி இடைத்தேர்தல் நடந்தது. அந்த நாட்களில் ஈரோட்டு வீதிகளில் எல்லா அலைவரிசைகளின் வண்டிகளும் நின்றன. ஆசிரியர் பன்னிரண்டு பேரை அழைத்துச் சென்று, கூரையில் டிஷ் பொருத்திய, செயற்கைக்கோள் வழியே நேரலை அனுப்பும் டிஎஸ்என்ஜி வண்டியையும், பல சிம் கார்டுகளின் இணைப்பை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் முதுகுப்பைக் கருவியையும் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தார். ஸ்டுடியோவிலிருந்து கேள்வி கேட்டதும் களத்தில் நிற்பவர் ஏன் சற்று விழிக்கிறார் என்பது அன்று புரிந்தது. செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கினால் 72,000 கிலோமீட்டர். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் அலைக்கே கால் நொடி ஆகிறது. கேள்வியும் அந்த வழியில் போய், பதிலும் அந்த வழியில் வந்தால் அரை நொடி. அந்த அரை நொடியில் தலையை ஆட்டாமல், காதுக்கருவியைத் தொடாமல் நிற்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கத்தை எங்கள் கல்லூரி தரவில்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட நேரலை செய்ததில்லை. வண்டியும் முதுகுப்பையும் விலை உயர்ந்தவை என்பது தெரியும். ஆனால் இரண்டு கைப்பேசிகளும் ஒரு வீடியோ அழைப்பும் இருந்தால், வளாக வாசலில் ஒரு மாணவரை நிறுத்தி, ஸ்டுடியோவிலிருந்து கேள்வி கேட்டுப் பயிற்சி தரலாம். நான் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் நேரலையை ஒருங்கிணைக்கத் தெரியாமல் திணறினேன்.

கருவிகள் பற்றியும் சொல்ல வேண்டும். 24 பேருக்கு நான்கு கேமரா என்பது குறைவல்ல. கேமரா அறை காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடப்படும் என்பதுதான் தடை. மஞ்சள் ஏலம் காலையில் நடக்கிறது. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்று நடக்கிறது. மலையடிவாரத் தோட்டங்களில் யானை இறங்குவது இருட்டிய பிறகு. அலுவலக நேரத்துக்குள் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், இந்த வட்டாரத்தின் செய்தியில் பாதியை எடுக்கவே முடியாது. ஆகவே பலரும் கைப்பேசியில் எடுத்தோம். அங்கேயும் சிக்கல்: கைப்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேமில் எடுக்கும், கல்லூரிக் கேமரா 25. இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டால் நடப்பவர் கால் தடுக்கியதுபோலக் காட்சி திக்கும். கைப்பேசியின் அமைப்பில் 25-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கான செயலியை நிறுவ வேண்டும் என்பதை ஒரு மாணவர் தாமாகவே தேடிக் கண்டுபிடித்து எங்களுக்குச் சொன்னார். இது முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம்.

இதைவிடப் பெரிய குறை தமிழ்த் தட்டச்சு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இரண்டு ஆண்டுகளில் யாரும் கற்றுத் தரவில்லை. பெரும்பாலோர் கைப்பேசியில் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டி, தமக்கே மின்னஞ்சல் அனுப்பி, பிறகு கணினியில் ஒட்டினோம். கிராபிக்ஸ் கணினியில் பழைய எழுத்துரு, பிராம்ப்டரில் யூனிகோடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறி, வாசிப்பாளர் நடுவில் நின்றுபோன வெள்ளிக்கிழமைகள் பல. பல செய்தி அறைகளில் உள்ளே நுழைந்தவுடன் வைக்கும் முதல் தேர்வு, ஐந்து வரியை வேகமாகவும் பிழையில்லாமலும் தட்டச் சொல்வதுதான். கேமராவுக்குச் செலவிடும் தொகையில் நூறில் ஒரு பங்குகூட இதற்குத் தேவையில்லை.

வேலைவாய்ப்பு பற்றிப் பெற்றோர் கேட்பார்கள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வகுப்பின் 24 பேரில் செய்தித் துறையில் இருப்பவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் விளம்பரம், திருமணப் படப்பிடிப்பு, பின்னலாடை நிறுவனங்களின் சமூக ஊடகப் பிரிவு எனப் பிரிந்துவிட்டார்கள். ஒரு மாதப் பயிற்சிப்பணிக்கான இடத்தை நாங்களே தேட வேண்டியிருந்தது. கல்லூரி ஒரு கடிதம் மட்டும் கொடுத்தது. நிரந்தர வேலை பெரும்பாலும் சென்னையில்தான். தொடக்கச் சம்பளம் அங்கே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இழுபறியாகவே இருக்கும். சென்னையிலேயே படித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில்: படிப்பு முடிந்து உடனே அறிமுகங்கள் வேண்டுமென்றால் அங்கே செல்லுங்கள். செய்தியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழக வேண்டுமென்றால் இங்கே நல்ல இடம். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் சாயப்பட்டறையும் நொய்யலும், கீழ்பவானி வாய்க்காலும், தென்னந்தோப்பும், பம்புசெட் பட்டறையும், மாட்டுச்சந்தையும் கிடைக்கும் மாவட்டங்கள் தமிழகத்தில் மிகக் குறைவு.

ஆனால் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு பாராட்டிய அந்தச் செய்தியறிக்கை பாடத்திட்டத்தில் இல்லை. அது ஓர் ஆசிரியரின் வழக்கம். நான்காம் பருவத்தில் அவர் தந்தையின் உடல்நிலை காரணமாக ஆறு வாரம் விடுப்பில் இருந்தார். அந்த ஆறு வெள்ளிக்கிழமையும் ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. நாங்களே நடத்துகிறோம் என்று கேட்டோம். பொறுப்பாசிரியர் இல்லாமல் திறக்க முடியாது என்றார்கள். இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 34 அறிக்கைகள் செய்தோம். 40 ஆகியிருக்க வேண்டும். ஆகவே சேர்வதற்கு முன் கல்லூரியில் எத்தனை கேமரா இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காமல், ஆண்டுக்கு எத்தனை செய்தியறிக்கை செய்கிறீர்கள், அதற்கு மதிப்பெண் உண்டா, அதை நடத்துபவர் இல்லாத வாரம் யார் நடத்துவார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குப் போய்ப் பாருங்கள். அறைக்குள் ஓட்டமும் கூச்சலும் இருந்தால் தயங்காமல் சேரலாம்.

கடைசியாக ஒரு குறை. அந்த 34 அறிக்கைகளும் இப்போது கல்லூரியில் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். சென்ற ஆண்டு சோமனூர் அண்ணன் எப்படியோ என் எண்ணைப் பிடித்து அழைத்தார். மகளுக்குக் கல்யாணமாம், குடோனை இடித்துவிட்டு வாடகைக்குக் கடைகள் கட்டிவிட்டாராம். “நம்ம தறி ஓடுன சத்தம் உங்க கிட்டத்தானுங்க இருக்குது” என்றார். முழு அறிக்கை என்னிடம் இல்லை. தனியே எடுத்த அந்த 30 நொடி ஒலியும் எங்கள் தொகுப்பும் என் பென் டிரைவில் இருந்தன, அன்றிரவே அனுப்பிவிட்டேன். வகுப்பில் மற்ற 23 பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நான்கு பேரிடம் மட்டுமே தாங்கள் எடுத்தது ஏதாவது மிச்சம் இருந்தது.